பக்கத்தில் நிற்பவரோடு பேச வைக்குமா போகிமான் கோ?

கேள்வி: திருச்சியிலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து ஐந்து மாதமாகிறது. அலுவலகம் முடிந்ததும் எல்லோரும் அவரவர் குடும்பத்தைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். தெருவில் நடந்து கைபேசித் திரையில் தோன்றும் கற்பனை உயிர்களைப் பிடிக்கும் விளையாட்டு போகிமான் கோ. கல்லூரிக் காலத்தில் ஊரில் விளையாடிய அந்தக் கணக்கை மறுபடி திறந்தேன். அதன் வழியாக நாலு பேர் பழக்கமாவார்கள் என்று நினைத்தேன். தினமும் மாலையில் நடக்கிறேன். விளையாட்டில் ஜிம் எனப்படும் சண்டைக்களம் இருக்கும் இடத்தில் கைபேசியைப் பார்த்தபடி பலர் நிற்கிறார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானும்தான். இந்த விளையாட்டு நட்பைத் தரும் என்பதெல்லாம் வெறும் பேச்சா? அறிமுகமில்லாதவர்களோடு எவ்வளவு தூரம் பழகலாம் என்ற பயமும் இருக்கிறது.
வாசகி, சிங்கப்பூர்

பதில்: வெறும் பேச்சு இல்லை. ஆனால் அந்த விளையாட்டின் எல்லாப் பகுதியும் நட்பைத் தராது. நீங்கள் இப்போது விளையாடுவது தராத பகுதியைத்தான். கடிதத்தில் "நானும்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே நிற்கும் மற்றவர்களும் வீட்டுக்குப் போய் அதே சொல்லைச் சொல்லியிருக்கக்கூடும். அதனால் உங்களிடம் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

போகிமான் கோ 2016 ஜூலையில் வெளிவந்தது. சிங்கப்பூருக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று வந்தது. வந்த சில நாட்களிலேயே ஹவ்காங் வட்டாரத்தில் புளோக் 401 என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் அருகே இரவு வெகுநேரம் வரை கூட்டம் நின்றதை அங்குள்ளவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். இந்தியாவுக்கு 2016 டிசம்பரில்தான் முறையாக வந்தது. அந்த முதல் சில மாதங்களின் நினைவிலிருந்துதான் "இந்த விளையாட்டு எல்லோரையும் சேர்த்துவைக்கும்" என்ற பேச்சு பிறந்தது. கூட்டம் சேர்ந்தது உண்மை. கூடிய எல்லோரும் பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

இடத்தை வைத்து ஆடும் விளையாட்டு உங்களை ஓர் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். அங்கே இன்னொருவரையும் நிறுத்தும். அதற்குமேல் நடக்க வேண்டுமானால் இரண்டு விஷயம் தேவை. ஒன்று, அவர் இல்லாமல் உங்களுக்கு ஒரு காரியம் ஆகக்கூடாது. இரண்டு, அந்தக் காரியத்துக்காக இருவரும் கொஞ்ச நேரம் சும்மா காத்திருக்க வேண்டும். காத்திருப்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பேருந்து நிறுத்தத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் நமக்குப் பழக்கமானவர்கள் எத்தனை பேர்!

இதை வைத்துப் போகிமான் கோவைப் பாருங்கள். தெருவில் ஒரு போகிமான் தோன்றினால் அது பக்கத்தில் இருப்பவருக்கும் தோன்றும். நீங்கள் பிடித்தாலும் அவருக்கு அது அப்படியே இருக்கும். போக்கேஸ்டாப் என்று விளையாட்டு குறித்து வைத்திருக்கும் இடத்தில் ஒருவர் லூர், அதாவது போகிமான்களை ஈர்க்கும் பொருள், போட்டால் அந்த அரை மணி நேரமும் அங்கே இருக்கும் எல்லோருக்கும் பலன். அருமையான ஏற்பாடு இது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளராக ஆகாமல் இது பார்த்துக்கொள்கிறது. ஆனால் பகை வராத அதே இடத்தில் தேவையும் வருவதில்லை. பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒன்றுதான். அப்படியிருக்க எதற்குப் பேச வேண்டும்? போதாக்குறைக்கு, தானாகவே பிடித்துத் தரும் சிறு கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பவர்களும் உண்டு. அவர் விளையாடுகிறார் என்பதே உங்களுக்குத் தெரியாது.

ஜிம்மைப் பிடித்து வைத்துக்கொள்வது இதற்கு நேர் எதிர். அங்கே ஆறு போகிமான்களுக்குத்தான் இடம். உங்களுடையது அங்கே உட்கார்ந்திருந்தால் விளையாட்டுக் காசு வரும், ஒரு நாளைக்கு 50 வரை. ஆகவே ஒருவர் நுழைய இன்னொருவர் வெளியேற வேண்டும். ஒரே புளோக்கில் வசிப்பவர்கள் மாதக்கணக்கில் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக்கொண்டு, முகமே பார்க்காமல் கசப்பை வளர்த்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் மாலையில் போய் நிற்பது இந்த இடமாக இருந்தால், அங்கே யாரும் நிமிர்ந்து பார்க்காததில் ஆச்சரியமில்லை. அது பழக்கம் பிடிக்க ஏற்ற இடம் இல்லை, விட்டுவிடுங்கள்.

போகிமான் கோவைச் செய்த நியான்டிக் நிறுவனம் அதற்கு முன்பே இன்கிரெஸ் என்று ஒரு விளையாட்டைத் தொடங்கியிருந்தது. 2012இல் சோதனையாக வந்தது. பச்சை அணி, நீல அணி என்று இரண்டே அணிகள். அதில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அணிகள் பிடிக்கப் போட்டியிடும் இடத்துக்குப் போர்ட்டல் என்று பெயர். ஒரு போர்ட்டலை எட்டாம் நிலைக்கு உயர்த்த அதில் பொருத்தும் ரெசொனேட்டர் என்ற பொருள், எட்டாம் நிலையில், எட்டு வேண்டும், ஒருவர் எட்டாம் நிலை ரெசொனேட்டரை ஒன்றுதான் பொருத்த முடியும். அதாவது எட்டு மனிதர்கள் வந்தே ஆக வேண்டும். எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் தனியாளாக முடியாது. விளையாட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள வசதியும் இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை இரு அணிகளும் ஒன்றாகக் கூடும் வழக்கம் உண்டானது. போகிமான் கோவை விட எத்தனையோ மடங்கு குறைவான பேர் ஆடியது அது. ஆனாலும் அதில் கிடைத்த நட்பு நீண்ட நாள் நின்றதாகச் சொல்பவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன்.

போகிமான் கோ விளையாட்டில் இந்தத் தேவை 2017 ஜூனில் ரெய்டு என்ற பெயரில் வந்தது. பெரிய போகிமான் ஒன்று ஜிம்மில் வந்து உட்காரும். வலிமையானதாக இருந்தால் தனியாக அடித்து வீழ்த்த முடியாது. ஒரு குழுவில் 20 பேர் வரை சேரலாம். அந்த ஆண்டு ஜூலைக்குப் பிறகு லெஜண்டரி எனப்படும் அரிய, வலிமையான போகிமான்களின் ரெய்டுகள் வந்தபோது நான் சென்னையில் இருந்தேன். ஆள் போதாமல் நாங்கள் மூன்று பேர் ஒரு பூங்கா வாசலில் கைபேசியைப் பிடித்தபடி நின்றோம். ஒரு பெரியவர், பேத்தியோடு வந்தவர், "நீங்களும் இதுக்குத்தானா?" என்று கேட்டார். அவர் கேட்டிராவிட்டால் நாங்கள் மூவரும்கூடப் பேசியிருக்க மாட்டோம். நாலாவது, ஐந்தாவது ஆளுக்காகக் காத்திருந்த கால் மணி நேரத்தில் யார் எந்தத் தெரு, என்ன வேலை என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. அந்த ரெய்டில் நாங்கள் தோற்றோம். அடுத்த வாரம் மறுபடி கூடினோம்.

சரி, அந்தத் தேவை இப்போது ஏன் கண்ணில் படவில்லை? 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, தொலைவிலிருந்தே ரெய்டில் சேரும் அனுமதிச்சீட்டு வந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய ஆறுதல். நடமாட முடியாதவர்களுக்கும், பக்கத்தில் ஆடுபவர்களே இல்லாத சிற்றூர்க்காரர்களுக்கும் இன்றைக்கும் அது தேவை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஜிம் வாசலில் நிற்பவர், எதிரில் நிற்கும் உங்களைப் பார்க்காமலே வேறொரு நாட்டிலிருக்கும் ஐந்து பேரை அழைத்துக்கொள்ள முடிந்தது. 2023 ஏப்ரலில் அந்தச் சீட்டின் விலையை 100 காசிலிருந்து 195 ஆக உயர்த்தி, நாளொன்றுக்கு இத்தனைதான் என்று எல்லையும் வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மக்களை மறுபடி நேரில் கூட்டும் எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றைப் பறித்துச் சந்திப்பை உண்டாக்குவது சரியான வழி என்று எனக்குத் தோன்றவில்லை.

கூட்டுத் தேவையை அதிகமாக்கினாலும் கெடும். 2024 அக்டோபரில் போகிமான் கோவுக்கு வந்த ஜைகாண்டாமேக்ஸ் என்ற பிரம்மாண்டப் போகிமான் சண்டைகளுக்குப் பெரிய கூட்டமே தேவைப்பட்டது, அப்போது 40 பேர் வரை சேர முடிந்தது. பெரிய நகரங்களில் அது திருவிழா மாதிரி இருந்தது. ஆள் கிடைக்காத ஊர்க்காரர் வெறுங்கையோடு திரும்பினார். இன்னொரு பக்கம், 2023இல் வந்த மான்ஸ்டர் ஹன்டர் நௌ என்ற வேறொரு விளையாட்டில் அருகில் இருக்கும் நாலு பேரை விளையாட்டே சேர்த்துவிடுகிறது. வேட்டை 75 விநாடி. சேர்ந்து ஆடியதென்னவோ உண்மை, ஆனால் "வணக்கம்" சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் காத்திருப்பதைப் பெரிதாகச் சொன்னேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தினமும் எங்கோ நடப்பதைக் குறைத்துக்கொண்டு, வாரம் ஒரு நாள், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை மாலை 6 மணி முதல் 7 வரை ரெய்டு நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் பல ஜிம்களில் ஒரே சமயத்தில் ரெய்டு நடக்கும். ஆடுபவர்கள் கூட்டமாக ஒரு ஜிம்மிலிருந்து அடுத்த ஜிம்முக்கு நடப்பார்கள். ரெய்டு டிரெயின் என்பார்கள். சண்டையின்போது யாரும் பேச மாட்டார்கள். இரண்டு ஜிம்முக்கு நடுவே நடக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பேச்சு நடக்கும். ஆகவே நடுவில் விலகிப் போய்விடாமல் கூட்டத்தோடு நடங்கள். முதல் வாரம் யாரும் பேசாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். மூன்றாவது வாரம் உங்கள் முகம் அவர்களுக்குத் தெரிந்ததாகிவிடும். மாதம் ஒருமுறை வார இறுதியில் சமூக நாள் என்ற சிறப்பு நிகழ்ச்சி வரும். 2018 ஜனவரியில் தொடங்கிய வழக்கம், மூன்று மணி நேரம் நடக்கும். எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிய பெரிய பூங்காவுக்குப் போனால் கூட்டம் இருக்கும்.

முதல் வார்த்தை என்ன என்பதுதான் பலருக்குத் தடை. சொந்த விவரம் கேட்காமல் விளையாட்டு விவரம் கேளுங்கள். "இதுக்கு எத்தனை பேர் வேணும்?", "அடுத்த ஜிம் எது?" போன்ற கேள்வி போதும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதில் சொல்வதில் ஆட்டக்காரர்களுக்கு மகிழ்ச்சிதான். சிங்கப்பூரில் வயதான ஆன்ட்டி, அங்கிள்மார் நிறையப் பேர் இதை ஆடுகிறார்கள். அவர்களிடமிருந்து தொடங்கினால் எளிது. அந்த வட்டாரத்து டெலிகிராம் குழுவைப் பற்றியும் அவர்களிடமே கேளுங்கள். கோப்பிக்கடையில் உட்கார்ந்து கோப்பி குடிக்கும் ரெய்டுக் குழுவில் இடம் கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். விளையாட்டில் நண்பராகச் சேர 12 இலக்க எண் ஒன்று இருக்கிறது. அதைக் கொடுப்பதால் உங்கள் தொலைபேசி எண் போகாது. ஆகவே கைபேசி எண் கேட்பவரிடம் அந்த 12 இலக்க எண்ணைக் காட்டுங்கள், ஆரம்பத்தில் அது போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விளையாட்டுக்குள் நண்பருக்கு நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பரிசிலும் அதை எடுத்த போக்கேஸ்டாப்பின் பெயரும் படமும் இருக்கும். தினமும் உங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் வாசலில் எடுத்த பரிசையே அனுப்பினால், நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைத் தினமும் சொல்கிறீர்கள். நேரில் நன்றாகத் தெரியாதவர்களுக்கு அலுவலகத்துப் பக்கமோ எம்ஆர்டி வழியிலோ எடுத்ததை அனுப்புங்கள். ஆன்லைன் நிலையை மறைக்கும் வசதியும் அமைப்புகளில் இருக்கிறது. இரவு நேரத்தில், ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்கு ஒரு தனியாள் ரெய்டுக்கு அழைத்தால் போக வேண்டாம். காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை.

விளையாட்டு காட்டும் நட்பு நிலையையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒருவரோடு 90 நாள் பரிசு மாற்றினால் பெஸ்ட் ஃபிரெண்ட் என்று திரையில் வந்துவிடும். அவர் முகத்தைக்கூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த நட்பு நிலைக்கும் ஒரு நல்ல பயன் உண்டு. போகிமான்களைப் பரிமாறிக்கொள்ள ஆகும் செலவு, ஸ்டார்டஸ்ட் என்ற விளையாட்டுப் பொருளில், அதனால் வெகுவாகக் குறையும். அரிய ஒன்றை மாற்ற முதல் நிலையில் 10 லட்சம் வரை ஆகுமென்றால், பெஸ்ட் ஃபிரெண்ட் நிலையில் 40,000 போதும். வழக்கமான பரிமாற்றத்துக்கு இருவரும் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் என்ன இருக்கிறது என்று இருவரும் திரையைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்த விளையாட்டிலேயே அதிகம் பேச வைக்கும் இடம்.

அதில் உங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. பரிமாறும் இரண்டு போகிமான்களும் 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் தள்ளிப் பிடிபட்டவையாக இருந்தால், ஒன்றுக்குப் பதில் மூன்று மிட்டாய், அதாவது போகிமானை வலுப்படுத்த உதவும் பொருள், கிடைக்கும். பிடித்து வெகுநாள் ஆனதென்றால் லக்கி என்ற சிறப்பு வகையாக மாறும் வாய்ப்பும் கூடும். சிங்கப்பூரிலேயே ஆடுபவருக்கு வெளியூர்ப் போகிமான் கிடைப்பது அபூர்வம். உங்கள் பழைய கணக்கில் கல்லூரிக் காலத்தில் பிடித்தவை எத்தனையோ சும்மா கிடக்கும். புதன்கிழமை கிளம்புவதற்கு முன் அவற்றில் ஒரு பத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் திருச்சிராப்பள்ளி என்று எழுதியிருக்கும். "இது எந்த ஊர்?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள்.