கணக்கு மேடை: ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

கேள்வி: ராமானுஜன் 1915இல் மிகு பகு எண்கள் பற்றி வெளியிட்ட கட்டுரையின் பட்டியலில் 293318625600 விடுபட்டுவிட்டதாம். பத்தாவது படிக்கும் மகள் சொன்னாள். அந்த எண்ணில் என்ன விசேஷம்? கால்குலேட்டர் இல்லாமல் பார்க்க முடியுமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: தாராளமாக முடியும், ஒரு தாள் போதும். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் கூடுதல் வகுத்திகள் உள்ளதே மிகு பகு எண். நம் நெல் அளவையிலேயே ஒன்று உண்டு: கலத்துக்கு 12 மரக்கால். பாதி, மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று என்று எப்படிப் பங்கு போட்டாலும் மரக்கால் உடையாது. 12க்கு 6 வகுத்திகள். அதற்குக் கீழே எதற்கும் நாலுக்கு மேல் கிடையாது.

இனி உங்கள் எண். 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. கடைசி இரண்டு பூஜ்யத்தை 100 என எடுத்துவிடுங்கள், அது 2²×5². மீதி 2933186256ஐ நாலு முறை பாதியாக்கினால் 183324141. இலக்கக் கூட்டல் 27, ஆகவே 9ஆல் வகுபடும். ஈவும் மறுபடி 9ஆல் வகுபட்டு 2263261 வரும்.

பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். 1001 என்பது 7×11×13. வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் 261−263+2 = 0. ஆக மூன்று பகா எண்களும் ஒரே வீச்சில் வகுக்கும். ஆனால் நம் வழக்கப்படி 22,63,261 என்று காற்புள்ளி போட்டு அந்தத் துண்டுகளையே கழித்தால் விடை தப்பும். 1001ஆல் வகுத்தால் 2261. அதை 7ஆல் வகுத்தால் 323. இதைப் பகா எண் என்று நிறுத்திவிடாதீர்கள். 18²−1 அல்லவா, 17×19.

எல்லாம் சேர்த்தால் 2⁶×3⁴×5²×7²×11×13×17×19. வகுத்தி எண்ண, ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும். 2ஐ ஒரு முறைகூட எடுக்காததும் ஒரு தேர்வுதான் என்பதால் அந்த 1. 7×5×3×3×2×2×2×2 = 5040.

இதைவிடச் சிறிய எண்ணில் இத்தனை அமையாதா? முயன்று பாருங்கள். 19ஐ நீக்கி 16ஆல் பெருக்கினால் 2இன் அடுக்கு 10 ஆகும், வகுத்திகள் 3960. 16க்குப் பதில் 18 என்றால் 4032. இரண்டுமே எட்டவில்லை. இவை இரண்டு மாதிரிதான், முழு நிரூபணம் நீளமானது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர் கையால் போட்ட நெடும் பட்டியலில் இது ஒன்றுதான் நழுவியது என்பதே எங்களுக்குப் பெரிய வியப்பு.

கேள்வி: அந்தப் பட்டியலின் கடைசி எண் எது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: 6746328388800. மேலே சொன்ன எண்ணை 23ஆல் பெருக்கிப் பாருங்கள், இதுவே வரும். புதிய பகா எண் ஒன்று சேர்ந்ததால் வகுத்திகள் இரட்டித்து 10080.