தந்தை காலமான பின் பி.எம். கிசான் தொகை: பட்டாதான் முதல் வேலை

கேள்வி: சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டத்தில் என் தந்தையின் பெயரில் இரண்டு ஏக்கர் நிலம் உள்ளது, பாக்கும் மரவள்ளியும் பயிரிடுகிறோம். சென்ற ஆண்டு அவர் காலமாகிவிட்டார். அவருக்கு வந்துகொண்டிருந்த பி.எம். கிசான் தொகையை (விவசாயிகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகை) நான் பெற முடியுமா? அண்ணன் அரசுப் பள்ளி ஆசிரியர் என்பதால் எனக்குக் கிடைக்காது என்று ஊரில் சொல்கிறார்கள்.

பதில்: பெற முடியும். ஆனால் தந்தையின் பதிவு தானாக உங்கள் பெயருக்கு மாறிவிடாது. நீங்கள் புதிய பயனாளியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பட்டாவில் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும்.

அண்ணனைப் பற்றிய அச்சம் தேவையற்றது. இத்திட்டத்தில் குடும்பம் என்பது கணவன், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் ஆகியோரை மட்டுமே குறிக்கும். அரசு ஊழியர் என்பதால் அண்ணனுக்குத் தகுதியில்லை. அந்தத் தடை உங்களைத் தொடாது. கூட்டுப் பட்டாவாக இருந்தாலும், அதில் பெயர் உள்ள தகுதியான ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு 6,000 ரூபாயை, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை 2,000 வீதம், தனித்தனியே பெறலாம். ஆகவே உங்கள் தாயாரின் பெயரும் பட்டாவில் ஏறினால் அவரும் விண்ணப்பிக்கலாம்.

இங்கே ஒரு தேதி முக்கியம். 1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்கே தகுதி; அதன்பின் கைமாறிய நிலத்துக்கு, உரிமையாளர் இறந்து வாரிசு வழியில் வந்திருந்தால் மட்டுமே இத்தொகை உண்டு. தந்தை உயிரோடு இருக்கும்போதே மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த பல குடும்பங்கள் இந்த விதியால்தான் தொகையை இழக்கின்றன. நீங்களும் இப்போதைக்கு விடுதலைப் பத்திரம் (ஒரு வாரிசு தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணம்), பாகப்பிரிவினை என்று இறங்காமல், இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் இணைத்து, இ-சேவை மையம் வழியாக வாரிசு அடிப்படையிலான பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிப்பதே நல்லது. வாரிசுச் சான்றிதழில் சகோதரிகளின் பெயர் விடுபடக் கூடாது. மகள்களுக்கும் சம உரிமை உண்டு.

பட்டா வந்ததும் அதையும் ஆதாரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பட்டாவில் 'பெரியண்ணன் மகன் முருகேசன்' என்றும் ஆதாரில் 'முருகேசன் பி' என்றும் இருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது; 'முருகேஷ்' என்றிருந்தால் விண்ணப்பம் நின்றுவிடக்கூடும். அதைத் திருத்திய பிறகே விவசாயி தனித்துவ அடையாள எண்ணுக்கும் (உங்கள் நில விவரத்தை ஆதாருடன் இணைத்துத் தரப்படும் எண்), அடுத்ததாக பி.எம். கிசான் பதிவுக்கும் செல்லுங்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் இதற்கு உதவுவார்கள். வங்கியிலும் ஒன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு, அரசுத் தொகை வந்து சேர்வதற்காக ஆதாரை இணைப்பது வேறு. இரண்டு கணக்குகள் இருந்தால், கடைசியாக எதில் இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். பணமே வரவில்லை என்று புகார் செய்பவர்களில் சிலருக்கு அது மறந்துபோன பழைய கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கிறது.

தந்தை இறந்த பிறகு அவர் கணக்கில் தவணை ஏதேனும் வரவாகியிருந்தால் அதை எடுக்காதீர்கள். எடுத்திருந்தால் திருப்பிச் செலுத்திவிடுங்கள். அதற்கான வசதி திட்டத்தின் இணையதளத்திலேயே உள்ளது. வேளாண்மை அலுவலகத்தில் இறப்பைத் தெரிவித்து அந்தப் பதிவை முடித்து வைப்பதும் உங்கள் பொறுப்பு.

பட்டா மாறுதலை இந்த 6,000 ரூபாய்க்கான வேலையாக மட்டும் கருத வேண்டாம். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு மானியத்தில் கிடைக்கும் சொட்டுநீர்ப் பாசனம், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு என எதற்குப் போனாலும் நில ஆவணத்தைத்தான் கேட்பார்கள். பாக்குத் தோப்புக்குச் சொட்டுநீர் போடும் எண்ணம் இருந்தால், பட்டா கைக்கு வந்ததும் சிறு, குறு விவசாயி சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.