கேட்பவர் 40 பேர் என்றால் நிறுத்திவிடலாமா?

திருநெல்வேலி வட்டாரக் குளங்களுக்கு வரும் பறவைகளைப் பற்றி 6 வருடமாகப் பாட்காஸ்ட் (இணையத்தில் கேட்கும் ஒலித்தொடர்) செய்துவருகிறேன். பாட்காஸ்ட் செய்வதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கிணறுகளைப் பற்றித் தமிழில் பாட்காஸ்ட் செய்கிறேன். 14 அத்தியாயம் போட்டாயிற்று. எதையும் 40 பேருக்கு மேல் கேட்பதில்லை. "இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
(அருப்புக்கோட்டை வாசகி)

நிறுத்தாதீர்கள் அம்மா. என் முதல் வருடமும் அப்படித்தான் போனது. 35, 42, மறுபடியும் 31. ஒவ்வொரு வெள்ளியும் எண்ணைப் பார்த்து மனசு சோர்ந்துபோகும். எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த 35 பேர் யார் என்று தேட ஆரம்பித்த பிறகுதான் வழி பிறந்தது.

அத்தியாயத்தின் முடிவில் ஒரு வாட்ஸ்அப் எண்ணைச் சொல்லி, "உங்கள் ஊர்க் குளத்தில் இன்றைக்கு என்ன பறவை நிற்கிறது? குரலில் சொல்லி அனுப்புங்கள்" என்று கேட்டேன். மூன்றே பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவர் நாங்குநேரிப் பக்கம் ஆடு மேய்ப்பவர். நத்தைக்குத்தி நாரை நத்தையை எடுத்துத் தின்பதை ஒன்றரை நிமிடம் சொல்லியிருந்தார். பின்னால் ஆட்டு மணிச் சத்தம். அதை வெட்டாமல் அடுத்த அத்தியாயத்தில் வைத்தேன். அவர் தன் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். குளத்துக்குப் பக்கத்திலேயே வாழும் ஜனங்கள் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கத் தொடங்கினார்கள்.

அடுத்த ஏற்றம் பொங்கலில் வந்தது. 2015இலிருந்து பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். 15 நிமிடமாவது ஓரிடத்தில் பார்த்து, இ-பேர்டு தளத்தில் பதிவார்கள். அதில் எப்படிக் கலந்துகொள்வது என்று ஒரு வாரம் முன்னதாக ஓர் அத்தியாயம் போட்டேன். ஆள் தேடிக்கொண்டிருந்த பறவைக் குழுக்கள் அதை எடுத்துப் பகிர்ந்தன. வந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் கேட்கிறார்கள்.

உங்களுக்கும் அப்படி ஒரு பருவம் இருக்கிறது. கோடையில்தான் கிணறு வற்றும், தூர் வாருவார்கள். தூர் வாருவது பற்றிய அத்தியாயத்தைக் கார்த்திகையில் போடாதீர்கள், சித்திரைக்கு எடுத்து வையுங்கள். கிணறு வெட்டுகிறவர்களைப் பேசவிடுங்கள். ஊற்றுக்கண் எங்கே இருக்கும் என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைக் கேட்க நானே காத்திருக்கிறேன்.

தலைப்பையும் மாற்றுங்கள். "அத்தியாயம் 9: நீரின் நினைவுகள்" என்று இருந்தால் தேடுகிறவர் கண்ணில் படாது. "உப்புத் தண்ணீர்க் கிணறு நல்ல தண்ணீர் ஆகுமா?" என்று ஜனங்கள் கேட்கிற மாதிரியே வையுங்கள்.

போனில் பதிவு செய்தால் போதுமா, மைக் வாங்கியே ஆகவேண்டுமா?
(நாகர்கோவில் கல்லூரி மாணவர்)

முதலில் அறையைச் சரிசெய்யுங்கள் தம்பி. நான் தொடக்கத்தில் மொசைக் தரை போட்ட ஹாலில் உட்கார்ந்து பேசினேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி எதிரொலித்தது. அப்புறம் சின்ன அறைக்கு மாறி, எதிரே கொடிகட்டி ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, மெத்தையைச் சுவரில் சாய்த்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசினேன். அதே போன்தான், குரல் தெளிந்துவிட்டது. தெருவில் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கும் முன், விடியற்காலை நாலரைக்குப் பேசி முடிப்பேன்.

பிறகு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் வயர் உள்ள காலர் மைக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே இருந்தால் "ப" வரும்போதெல்லாம் காற்று மோதும். பேசத் தொடங்கும் முன் அரை நிமிடம் சும்மா இருந்து அறையின் அமைதியையும் பதியுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அந்த அமைதிப் பதிவு வேண்டும். கடைசியில் ஒலியளவை மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ்.ஸுக்குக் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) கொண்டுவாருங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைப்பதும் அதுதான். பஸ்ஸில் கேட்பவர் ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

வெளியில் பதியும்போது மட்டும் சத்தத்துக்கு அதிகம் பயப்படாதீர்கள். கூந்தன்குளத்தில் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, சின்ன வயதில் வரித்தலை வாத்துகள் வந்து இறங்குவதைப் பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பைக் போனது. "தாத்தா, மறுபடி சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டேன். சொன்னார். ஆனால் இரண்டாவது முறை மேடைப் பேச்சு மாதிரி வந்தது. முதலில் "எங்க அப்பா தோள்ல உக்காந்து பாத்தேன்" என்றவர், இப்போது "சிறுவயதில் கண்டேன்" என்றார். வீட்டுக்கு வந்து கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. பைக் சத்தம் உள்ள முதல் பதிவைத்தான் வெளியிட்டேன். பைக்கைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. தாத்தாவின் அப்பாவைப் பற்றித்தான் கேட்டார்கள்.

சினிமாப் பாட்டை 10 விநாடி மட்டும் பின்னணியில் வைத்தால் தப்பில்லையாமே?
(கோவை வாசகர்)

இத்தனை விநாடி வரை வைக்கலாம் என்று நம் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. வைக்காதீர்கள். என் தொடக்க இசை எங்கள் ஊர்ப் புதரில் நான் பதிந்த செண்பகத்தின் "கூப் கூப்"தான். அதைக் கேட்டதும் நேயர்களுக்கு என் பாட்காஸ்ட் என்று தெரிந்துவிடுகிறது. ஒரு வேண்டுகோளும் உண்டு. பறவைக் குரலை ஸ்பீக்கரில் போட்டுக் கூட்டுக்குப் பக்கத்தில் ஒலிக்கவிடாதீர்கள். எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது கூட்டை விட்டு அலையும், குஞ்சுகள் பசியோடு கிடக்கும்.

வாரம் ஒன்று போட்டே ஆகவேண்டுமா? வேலைக்கும் போய்க்கொண்டு முடியவில்லை.
(தஞ்சாவூர் வாசகி)

வேண்டாம். நான் ஐப்பசி முதல் பங்குனி வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று போடுகிறேன், கோடையில் போடுவதில்லை. சொல்லாமல் மட்டும் நிறுத்தாதீர்கள். "வலசைப் பறவைகள் கிளம்பிவிட்டன. ஐப்பசி முதல் வெள்ளி அவற்றோடு நானும் வருகிறேன்" என்று இரண்டு நிமிடக் குறிப்பு ஒன்று போட்டுவிடுவேன். போன ஐப்பசியில் அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே ஒருவர் கேட்டிருந்தார்: "வாத்து வந்துட்டு, நீங்க வரலையே?"