டெர்மினேட்டர் படங்களில், இன்று மறுபடி பார்த்தாலும் பயமுறுத்துகிற வில்லன் யார்?

டி-1000. யோசிக்கவே வேண்டாம். இரண்டாம் பாகத்தில் ஜான் என்ற சிறுவனைக் கொல்ல வரும், யார் உருவத்தையும் எடுக்கக்கூடிய திரவ உலோக ரோபோ அது.

நீங்களும் எல்லாப் பாகங்களையும் வரிசையாகப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் இருந்த யாராவது "இதுக்கா இவ்வளவு பில்டப்?" என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கடுப்பில்தான் இந்தக் கேள்வி என்று நினைக்கிறேன். என்னிடம் அப்படிக் கேட்டவன் அக்கா மகன்.

1991-ல் வந்த இரண்டாம் பாகத்தை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். திரவ உலோகம் உருமாறுவதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இப்போ ஃபோன்லயே பண்ணலாம் சித்தி" என்றான். சரி, போகட்டும் என்று விட்டேன். அப்புறம் வளர்ப்புப் பெற்றோர் வீட்டுக் காட்சி வந்தது. சிறுவன் ஜான் ஃபோனில் கூப்பிடுகிறான். வளர்ப்புத் தாய் வழக்கத்தைவிடப் பாசமாகப் பேசுகிறாள். வெளியே நாய் விடாமல் குரைக்கிறது. பால் குடித்துக்கொண்டே வந்த கணவன் நாயைத் திட்டுகிறான். அவள் ஃபோனை வைக்காமலே இன்னொரு கையை நீட்டுகிறாள். கை வாளாகி, பால் அட்டைப்பெட்டியையும் அவன் வாயையும் துளைத்து நிற்கிறது. தாயின் உருவத்தில் இருந்தது டி-1000! முகத்தில் சலனமே இல்லை. அக்கா மகன் சத்தமில்லாமல் காலைத் தூக்கி சோபாவில் மடக்கி வைத்துக்கொண்டான்.

எனக்குப் பிடித்தது மனநல மருத்துவமனைக் கம்பிக்கதவுக் காட்சி. டி-1000-ன் உடம்பு கம்பிகளுக்குள் புகுந்து வந்துவிடும், கையிலிருக்கும் துப்பாக்கி மட்டும் 'டிங்' என்று மாட்டிக்கொள்ளும். கையைத் திருப்பி அதை வெளியே எடுக்கும். துப்பாக்கி உருகாதே! அந்த ஒரு நொடிதான் முழுக் காட்சியையும் நம்ப வைக்கிறது. நடித்த ராபர்ட் பாட்ரிக், மூச்சு வாங்குவது தெரியாமல் ஓட மூக்கால் மட்டும் மூச்சுவிட்டுப் பயிற்சி எடுத்தவர்.

பழசுதான் உசத்தி என்று பேசும் ஆள் என நினைத்து எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 2019-ல் வந்த பாகத்தின் வில்லன் ரெவ்-9 எலும்புக்கூடும் மேல்தோலுமாகப் பிரிந்து இரண்டு பேராக அடிப்பது நல்ல யோசனைதான். 2003-ல் வந்த பாகத்தின் வில்லி டி-எக்ஸ் கைக்குள்ளேயே ஆயுதங்களை வைத்திருந்தாள். ஆனால் அவர்கள் வந்தாலே ஏதோ நொறுங்கப்போகிறது என்று தெரிந்துவிடும். டி-1000 போலீஸ் உடுப்பில் வந்து, ஃபோட்டோவைக் காட்டி, மரியாதையாக விசாரித்துவிட்டுப் போகும். பிரச்சினையே அந்த மரியாதைதான்.

இன்னொன்று. நீண்ட பதிப்பு கிடைத்தால் அதையே பாருங்கள். உறைந்து உடைந்து மறுபடி ஒன்றுசேர்ந்த பிறகு, டி-1000 பிடித்த கம்பியின் மஞ்சள் கறுப்புப் பட்டைகள் அதன் கையிலும் ஏறும். திரையரங்கில் வந்த பதிப்பில் அது இல்லை. என்னிடம் அந்த டிவிடி இருந்தது. "ரெண்டே நாள்ல தர்றேன்" என்று தெரிந்தவர் ஒருவர் வாங்கிப் போனார். கேட்டால், இப்போது யார் டிவிடி பார்க்கிறார்கள் என்கிறார். நான் பார்க்கிறேன் ஐயா, பிளேயர்கூட நன்றாகத்தான் ஓடுகிறது. புத்தகமும் டிவிடியும் இரவல் வாங்குபவர்களுக்கு மட்டும் ஏன் திருப்பித் தரும் பழக்கமே வருவதில்லை?