தாடியஸ் ஸ்டீவன்ஸ் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: யார் இவர்? லிங்கனைத் தெரியும், இவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையே சார்.

பதில்: அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிரதிநிதிகள் சபையைக் கைக்குள் வைத்திருந்தவர். 1792இல் வெர்மான்ட்டில் ஏழை வீட்டில் பிறந்தார், பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்தது. அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட, அம்மாதான் பாடுபட்டுப் படிக்கவைத்தார். பிறகு பென்சில்வேனியாவில் வக்கீல், முதலில் கெட்டிஸ்பர்க், 1842 முதல் லான்காஸ்டர். போர் நடந்தபோது நிதிக் குழுத் தலைவர். செலவுக்குத் தங்கம் போதாமல் 1862இல் அரசு காகிதப் பணம் அச்சடித்ததே, அந்தச் சட்டத்தைச் சபையில் நிறைவேற்ற முன்நின்றவர்களில் ஒருவர்.

கேள்வி: சின்ன வயதிலிருந்தே அடிமை முறைக்கு எதிரியா?

பதில்: அப்படிச் சொல்லிவிட்டால் கதை அழகாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. 1821இல் சாரிட்டி பட்லர் என்ற பெண் தனக்கும் பிள்ளைகளுக்கும் விடுதலை கேட்டு வழக்குப் போட்டபோது, எதிரே எஜமானனுக்காக வாதாடி ஜெயித்தவர் இதே ஸ்டீவன்ஸ். அந்தக் கறையை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு மனிதர் மாறினார், தப்பி வந்த அடிமைகளுக்காகக் கூலி வாங்காமல் வாதாடினார், 1838இல் மாநிலத்தின் புதிய அரசியல் சட்டம் வெள்ளையருக்கு மட்டுமே ஓட்டு என்றதும் அதில் கையெழுத்துப் போட மறுத்தார்.

கேள்வி: மாநில அளவில் வேறு என்ன செய்தார்?

பதில்: இலவசப் பள்ளிக்கூடம். 1834இல் வந்த சட்டத்தை அடுத்த வருடமே வரி அதிகம் என்று ரத்து செய்யப் பார்த்தார்கள், மாநில செனட்டும் அதற்குச் சம்மதித்துவிட்டது. இவர் எழுந்து பேசிய ஒரே பேச்சில் கீழவை மனம் மாறியது. அவர் கடைசிவரை பெருமைப்பட்டது இதைப் பற்றித்தான்.

கேள்வி: அடிமைகளுக்கு நாற்பது ஏக்கர் என்றது இவரா?

பதில்: அந்தப் பேச்சு போரின்போதே ராணுவ உத்தரவு ஒன்றில் வந்துவிட்டது. ஆனால் அதைச் சட்டமாக்கச் சபையில் விடாமல் போராடியவர் இவர். போரில் அரசுக்கு எதிராகக் கலகம் செய்த தென் மாநிலத்தவரில் 200 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த பண்ணையார்களின் நிலத்தைப் பறித்து, விடுதலையான ஒவ்வொரு வயதுவந்த ஆணுக்கும் 40 ஏக்கர் கொடுக்கச் சொன்னார். சொந்தக் கட்சிக்காரர்களே பயந்து ஒதுங்கினார்கள். நிலம் இல்லாமல் வெறும் ஓட்டுரிமை எத்தனை நாள் நிற்கும்? அவர் கணக்கு சரிதான் என்பது என் கருத்து.

கேள்வி: ஜனாதிபதியையே நீக்கப் பார்த்தாராமே?

பதில்: ஆமாம், லிங்கனுக்குப் பிறகு ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சனை, 1868இல். உடம்பு அவ்வளவு மோசம், நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். செனட்டில் நீக்கச் சொல்லி 35 ஓட்டு, வேண்டாம் என்று 19 ஓட்டு விழுந்தது; நீக்க 36 வேண்டும். ஒரே ஒரு ஓட்டில் ஜான்சன் தப்பினார்.

கேள்வி: கல்லறை பற்றி ஏதோ சொல்வார்களே அண்ணா?

பதில்: அதே ஆண்டு ஆகஸ்ட் 11இல் இறந்தார். லான்காஸ்டரில் பெரிய மயானங்கள் வெள்ளையருக்கு மட்டும் என்று விதி வைத்திருந்ததால், எல்லா இனத்தாருக்கும் இடம் தந்த சின்ன மயானம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார், காரணத்தைக் கல்லிலேயே எழுதவும் வைத்தார். இன்னொரு கூத்து: இறந்த பிறகும் அவருடைய தொகுதிக்கு அவர் கட்சிக்காரர்கள் மரியாதைக்காக அவரையே வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள்.