லைவ் சர்வரில் வேண்டாம்: டீபக் கருவிகள் பற்றி உங்கள் கேள்விகள்

கே: குரோம் டெவ்டூல்ஸா, ஃபயர்ஃபாக்ஸ் டெவ்டூல்ஸா? எது ஓப்பன் சோர்ஸ்?

ப: இரண்டும்தான். (டெவ்டூல்ஸ் என்பது பிரவுசரோடு வரும் டீபக், அதாவது பிழை தேடும் கருவிகள்; ஓப்பன் சோர்ஸ் என்றால் சோர்ஸ் கோடு எல்லோரும் பார்க்க, மாற்ற, பகிரத் திறந்திருப்பது.) குரோம் பிரவுசர் முழுசாக ஓப்பன் சோர்ஸ் இல்லை, ஆனால் அதன் டெவ்டூல்ஸ், குரோமுக்கு அடிப்படையான ஓப்பன் சோர்ஸ் குரோமியம் பக்கம் இருப்பதால் சிக்கலில்லை. சிஎஸ்எஸ் கிரிட் (பக்கத்தைக் கட்டம் கட்டி அடுக்கும் முறை) தகராறு என்றால் நான் ஃபயர்ஃபாக்ஸைத் திறப்பேன். பக்கம் ஏன் திணறுகிறது, மெமரி எங்கே கசிகிறது என்று பார்க்க குரோம். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், காசா பணமா? ஃபயர்ஃபாக்ஸின் பழைய டீபக் ஆட்-ஆனான ஃபயர்பக்கை இன்னும் தேடுகிறவர்களுக்கு: 2006-இல் வந்த அது 2017-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

கே: பிஹெச்பி டீபக்கரான எக்ஸ்டீபக் போட்டும், கோடு நிற்க வேண்டும் என்று குறித்த வரியில் (பிரேக்பாயின்ட்) நிற்கவே இல்லை. உதவுங்கள் சார்.

ப: எந்த வெர்ஷன், டாக்கரா (ஆப்பை கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) இல்லையா, ஒன்றும் எழுதவில்லை. நான் ஜோசியமா பார்ப்பது? குத்துமதிப்பாகச் சொல்கிறேன்: பழைய டுடோரியலைப் பார்த்து 9000 போர்ட் கொடுத்திருப்பீர்கள். 2020-இல் எக்ஸ்டீபக் 3 வந்ததிலிருந்து அது 9003. பழைய போர்ட்டில், பிஹெச்பியை ஓட்டும் பிஹெச்பி-எஃப்பிஎம் உட்கார்ந்திருக்கும். ரிமோட்_எனேபிள் போன்ற பழைய செட்டிங்குகளும் செல்லாது, எக்ஸ்டீபக்.மோட் என்பதில் டீபக் என்று கொடுக்க வேண்டும். டாக்கர் என்றால் இன்னொன்று: கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரேதான், உங்கள் மெஷின் அல்ல. வேலை முடிந்ததும் ஆஃப் செய்யுங்கள், பக்கம் மந்தமாகும். லைவ் சர்வரில் வேண்டவே வேண்டாம்.

கே: எங்கள் சைட் ஒர்க் ஆகவில்லை. என்ன டூல் போடலாம்?

ப: எஃப்12. டெவ்டூல்ஸ் திறக்கும், அதன் கன்சோலில் சிவப்பில் இருப்பதைப் படியுங்கள். புரியவில்லை என்றால் அந்த வரியை அப்படியே காப்பி செய்து அனுப்புங்கள்; ஸ்கிரீனைப் போனில் படமெடுத்து அனுப்பாதீர்கள்.

கே: மதிப்புகளைக் கன்சோலில் எழுதிக் காட்டும் கன்சோல்.லாக் போட்டே பத்து வருஷம் ஓட்டிவிட்டேன். இனி டீபக்கர் கற்று என்ன ஆகப் போகிறது?

ப: இந்தக் கேள்வி வராத மாதமில்லை, கேட்பவர் பெருமையாகவே வேறு கேட்கிறார். சரி, கன்சோல்.லாக் உங்களை ஏமாற்றும் என்று தெரியுமா? ஒரு கார்ட் ஆப்ஜெக்டை லாக் செய்கிறீர்கள், அந்த நேரத்தில் தொகை 450. அடுத்த வரியில் கூப்பன் கழிந்து 400 ஆகிறது. கன்சோலில் மூடியபடி இருக்கும் வரியில் 450 தெரியும். பக்கத்திலிருக்கும் சின்ன முக்கோணத்தை அழுத்தி விரித்தால் 400! கன்சோல் நகல் எடுத்து வைப்பதில்லை, நீங்கள் விரிக்கும் நொடியில் ஆப்ஜெக்டுக்குள் என்ன இருக்கிறதோ அதைக் காட்டுகிறது. இது தெரியாமல், தப்பே செய்யாத முந்தைய ஃபங்ஷனை மணிக்கணக்கில் நோண்டுகிறார்கள்.

பிரேக்பாயின்ட் வைத்து நிறுத்தினால் அந்தக் கணத்து மதிப்பு கண்ணெதிரே இருக்கும், யார் யாரைக் கூப்பிட்டு இங்கே வந்தது என்ற கால் ஸ்டாக்கும் இருக்கும். ஐந்நூறு முறை சுற்றும் லூப்பா? லைன் நம்பரில் ரைட் கிளிக் செய்து கண்டிஷன் கொடுங்கள், வேண்டிய சுற்றில் மட்டும் நிற்கும். நிறுத்தவே பிடிக்காதவர்களுக்கு லாக்பாயின்ட் என்று அதே மெனுவில் ஒன்று இருக்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் உண்டு. கோடைத் தொடாமல் லாக் செய்யும், ஆகவே உங்கள் 'இங்க வந்துச்சு', 'இங்கயும் வந்துச்சு' எல்லாம் லைவுக்குப் போகாது. ஒரு தளத்தில் லாகின் டோக்கனே கன்சோலில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் நான்.

கே: நோட்.ஜேஎஸ் ஆப்பை சர்வரிலேயே டீபக் செய்ய இன்ஸ்பெக்ட் ஆப்ஷனில் 0.0.0.0 (எல்லா நெட்வொர்க் முகவரிகளும்) கொடுத்தேன். நன்றாக வேலை செய்கிறது. சரிதானே?

ப: முதலில் அதை நிறுத்திவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். இன்ஸ்பெக்ட் திறக்கும் அந்த 9229 போர்ட்டுக்கு பாஸ்வேர்டு கிடையாது. எட்ட முடிந்த எவனும் உங்கள் சர்வரில் தன் கோடை ஓட்டலாம். சும்மாவா அதை இயல்பாக 127.0.0.1-இல், அதாவது அந்த மெஷினுக்குள் மட்டும், வைத்திருக்கிறார்கள்? டெஸ்ட் சர்வரில் தேவையென்றால் எஸ்எஸ்ஹெச் டனல் (சர்வருக்கு லாகின் செய்து போடும் பூட்டிய பாதை) போடுங்கள். ஜாங்கோ (பைதான்), லாரவெல் (பிஹெச்பி) ஃபிரேம்வொர்க்குகளில் முறையே டீபக் ட்ரூ, ஆப்_டீபக் ட்ரூ என்று லைவில் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். 2021-இல் லாரவெலின் எர்ரர் பக்கத்தைக் காட்டும் இக்னிஷனில் வெளியான ஓட்டை, டீபக் ஆனில் இருந்த தளங்களைத்தான் பதம் பார்த்தது. மறுபடியும் சொல்கிறேன், லைவ் சர்வரில் வேண்டாம்.

கே: ஆப்பில் வரும் எர்ரர்களைச் சேகரித்துக் காட்டும் சென்ட்ரி ஓப்பன் சோர்ஸ்தானே?

ப: இல்லை. 2019-இல் லைசென்ஸை மாற்றிவிட்டார்கள். சோர்ஸைப் பார்க்கலாம், சொந்த சர்வரில் ஓட்டலாம், அதையே போட்டி சேவையாக விற்க முடியாது. கறாராக ஓப்பன் சோர்ஸ்தான் வேண்டுமென்றால் கிளிட்ச்டிப். ஆப்பில் சேர்த்த சென்ட்ரியின் எஸ்டிகேயை (லைப்ரரியை) வைத்துக்கொண்டு, எர்ரர்கள் போகும் முகவரியான டிஎஸ்என்னை மட்டும் மாற்றினால் போதும்.

கே: நெட்வொர்க் டிராஃபிக்கை இடையில் நின்று பார்க்கும் ஃபிட்லர், சார்லஸுக்குப் பதில் ஓப்பன் சோர்ஸில் ஏதாவது?

ப: எம்ஐடிஎம்பிராக்ஸி. டெர்மினல் பிடிக்காவிட்டால் அதிலேயே வெப் முகப்பும் வருகிறது. ஆண்ட்ராய்டு 7-லிருந்து, ஹெச்டிடிபிஎஸ் டிராஃபிக்கைப் பார்ப்பதற்காக நீங்கள் போனில் போடும் சர்ட்டிஃபிகேட்டை ஆப்கள் தாமாக நம்பாது. உங்கள் சொந்த ஆப்பின் டீபக் பில்டில் அதற்கு அனுமதி கொடுங்கள். ரிலீஸ் பில்டில் அல்ல.