ஹால்மார்க் தங்கத்துக்கு, கல்லுக்கு?
வாசகர் கேள்வி–பதில்: வைர நகை

கே: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஏழு கல் வைரத்தோடு எடுக்க வேண்டும். "கடலூரில் எடுக்காதே, பாண்டியில் வரி கம்மி" என்கிறார் என் நாத்தனார். உண்மையா?
— திருப்பாதிரிப்புலியூர் வாசகி

ப: பாண்டியில் மலிவு என்ற பேச்சு பெட்ரோலுக்கும் பாட்டிலுக்கும் பொருந்தலாம், நகைக்குப் பொருந்தாது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்துவிட்டது. கடலூர் லாரன்ஸ் ரோட்டில் எடுத்தாலும் பாண்டி நேரு வீதியில் எடுத்தாலும் நகைக்கு 3 சதவீதம்தான்.

ஆனாலும் போய் வருவதில் ஒரு லாபம் உண்டு. நேரு வீதி, பாரதி வீதி, காந்தி வீதி மூன்றும் பெரிய மார்க்கெட்டைச் சுற்றி நடக்கிற தூரத்தில் இருப்பதால், ஒரு காலைப்பொழுதில் நாலைந்து கடை ஏறி இறங்கி விலை கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூட்டத்துக்குள் நகைப்பையோடு நடக்க முடியாது. வார நாளில், கடை திறந்த ஒரு மணி நேரத்துக்குள் போனால் விற்பனையாளர் நின்று பதில் சொல்வார்.

கடைக்குள் கல்லை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மேலே இருக்கும் சின்னச் சின்ன விளக்குகள் கண்ணாடித் துண்டையும் மின்ன வைக்கும். தோட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். நேர் வெயில் கூடாது, நிழல் வெளிச்சம் போதும். வெள்ளைத் தாளை நடுவில் மடித்து, அந்த மடிப்பில் தோட்டை வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது ஜொலிப்பில் மறையும் மஞ்சள் சாயை பக்கத்திலிருந்து தெரிந்துவிடும். பதினாலு கல்லில் இரண்டு மட்டும் மங்கலாக இருந்தால் அதுவும் இப்படித்தான் பிடிபடும்.

அடுத்தது உறுதி. தோட்டைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டுங்கள்; கல் ஆடினால் 'டிக்' என்று கேட்கும். பட்டுப் புடவைத் தலைப்பை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் கல்லைப் பிடிக்கும் கம்பி ஒன்று தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கேயே தட்டித் தரச் சொல்லுங்கள்.

திரும்பும்போது அசல் பில் கையில் இருக்கட்டும். தேர்தல் நேரத்தில் எல்லையிலுள்ள முள்ளோடைப் பக்கம் பறக்கும் படை வண்டியை நிறுத்தும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் கணக்குக் கேட்பார்கள், நகைக்குப் பில் கேட்பார்கள். 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்கு அனுமதி கிடையாது. வங்கி வழியாகக் கொடுத்துவிடுவதே நல்லது.

கே: வைர நகையில் தொங்கும் சீட்டில் மூன்று நான்கு எண்கள் இருக்கின்றன. எதைப் பார்த்து விலை கணக்கிட வேண்டும்?
— முதலியார்பேட்டை வாசகர்

ப: மொத்த எடை, நிகர எடை, கல்லின் காரட் ஆகிய மூன்றும்தான் முக்கியம். ஒரு ஜோடித் தோட்டின் சீட்டில் மொத்த எடை 7.350 கிராம், வைரம் 1.40 காரட் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு காரட் என்பது 0.2 கிராம். 1.40ஐ 0.2ஆல் பெருக்கினால் 0.280. அதை மொத்த எடையிலிருந்து கழித்தால் நிகர எடை 7.070. தங்க விலை, சேதாரம் எல்லாமே இந்த 7.070க்குத்தான் போட வேண்டும். சேதாரத்தை மட்டும் மொத்த எடைக்குப் போடும் பில்களும் உண்டு, அதனால் வரிக்கு வரி பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை தங்கத்தின் தரத்தில் இருக்கிறது. வைர நகை பெரும்பாலும் 18 காரட்டில்தான் செய்கிறார்கள் (இந்தக் காரட் தங்கத்தின் சுத்தத்தைச் சொல்வது, கல்லின் எடையை அல்ல). 22 காரட் மென்மையானது, கல்லை இறுக்கிப் பிடிக்காது. 18 காரட்டில் தங்கம் ஆயிரத்துக்கு 750 பங்கு, 22 காரட்டில் 916. கணக்குக்காக 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தால் 18 காரட் சுமார் 8,188தான் வரும். 750 முத்திரை போட்ட தோட்டுக்கு 22 காரட் விலையைப் போட்டால், மேலே சொன்ன 7.070 கிராமில் உங்களிடம் கூடுதலாகப் போவது ஏறக்குறைய 12,800 ரூபாய். வாசலில் ஓடும் போர்டில் 22 காரட் விலைதான் பெரிதாக ஓடும். "18 காரட் இன்று என்ன?" என்று தனியாகக் கேளுங்கள். சில கடைகளில் 14 காரட்டும் விற்கிறார்கள், அதன் முத்திரை 585.

கல்லின் விலையில் இன்னொரு சங்கதி. நூறு சென்ட் ஒரு காரட். பதினாலு கல் சேர்ந்து 1.40 காரட் என்றால் ஒவ்வொன்றும் பத்து சென்ட், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர் குறுக்களவு. ஒரே கல் 1.40 காரட் என்றால் காரட்டுக்கு விலை பல மடங்கு ஏறும். ஒற்றைக்கல் மோதிர விலையோடு ஏழு கல் தோட்டின் விலையை ஒப்பிட்டு "சல்லிசாகக் கிடைத்தது" என்று மகிழ வேண்டாம். பத்து சென்ட் என்று சொன்ன கல் 2.6, 2.7 மில்லிமீட்டர்தான் இருக்கிறதென்றால், ஒன்று எடை குறைவு, அல்லது அடிப்பக்கம் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். எடைக்குக் காசு கொடுக்கிறீர்கள், ஆனால் முகம் சிறுத்துப்போகிறது, ஒளியும் அடி வழியே ஒழுகிவிடுகிறது.

கே: ஒரு கடையில் சேதாரம் 12 சதவீதம், கூலி இல்லை. இன்னொரு கடையில் சேதாரம் 8 சதவீதம், கூலி கிராமுக்கு 500. இரண்டு பவுன் செயினுக்கு எது லாபம்?
— நெல்லிக்குப்பம் வாசகர்

ப: கிராம் 10,000 என்றே வைத்துப் பார்ப்போம். இரண்டு பவுன் 16 கிராம். முதல் கடையில் சேதாரத்தோடு 17.92 கிராம், 1,79,200 ரூபாய். ஜிஎஸ்டி 5,376 சேர்த்து 1,84,576. இரண்டாவதில் 17.28 கிராம், 1,72,800, கூலி 8,000, ஜிஎஸ்டி 5,424, ஆக 1,86,224. 8 சதவீதக் கடைதான் 1,648 ரூபாய் கூடுதல்! சதவீதத்தைக் கேட்டு மயங்காமல், "எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை என்ன, தாளில் போடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

கே: பாட்டியின் ஏழு கல் தோடு என்னிடம் இருக்கிறது. பின்பக்கம் தங்கத்தால் மூடிக் கல் பதித்த பழைய கட்டடம். "ப்ளூ ஜாகர், விட்டுவிடாதே" என்று பாட்டி சொல்வார். இப்போது கல் மங்கிவிட்டது. கடையில் கேட்டால் சொற்ப விலை சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
— லாஸ்பேட்டை வாசகி

ப: ஏமாற்றாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ப்ளூ ஜாகர் என்ற பேர் தென்னாப்பிரிக்காவில் இருந்த யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. நீலச்சாயல் கலந்த வெண்மைக்குப் பேர்போன கற்கள் அங்கே கிடைத்தன. அந்தச் சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. ஆனால் பேர் நிலைத்துவிட்டது, தமிழ்நாட்டுக் கடைகளில் நீலம் காட்டுகிற எந்த நல்ல கல்லையும் அப்படிச் சொல்லி விற்றார்கள். அந்த நீலத்துக்குப் பெரும்பாலும் காரணம், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் கல் நீலமாக ஒளிர்வதுதான். வேடிக்கை என்னவென்றால், பாட்டி எதற்காகக் கூடுதல் விலை கொடுத்தாரோ அதே நீல ஒளிர்வுக்காக, நிறத்தில் உயர்ந்த கற்களுக்கு இன்றைய சந்தை விலையைக் குறைக்கிறது. அதனால் பேரைச் சொல்லி விலை கேட்டால் கிடைக்காது. நிறம், தெளிவு, எடை இவற்றைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மங்கியதற்கு வருவோம். மூடிய கட்டடத்தில் கல்லுக்கு அடியில் சின்ன அறை போல இருக்கும். பளபளப்புக்காக உள்ளே தகடும் வைத்திருப்பார்கள். விளிம்பில் இடைவெளி விழுந்தால் எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் இறங்கித் தகடு கருத்துவிடும். கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வீட்டில் கொதிநீரில் போடாதீர்கள், கடையில் அதிர்வுத் தொட்டியில் போடவும் விடாதீர்கள். தண்ணீர் இன்னும் உள்ளே போகும். அனுபவமுள்ள பத்தர் கட்டடத்தைப் பிரித்து, கல்லைக் கழுவி, மறுபடி கட்டித் தரலாம். போடப்போவது நீங்கள்தான் என்றால், பின்பக்கம் திறந்த ஓப்பன் செட்டிங்காக மாற்றுவதே எங்கள் யோசனை. மாற்றும்போது ஒன்று நடக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்: தகட்டின் மினுக்கு போனதும் சில கற்கள் எதிர்பார்த்ததைவிட மஞ்சளாகவோ மெலிந்தோ தெரியலாம். மூடிய கட்டடத்தை விற்பவர்கள் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

விற்பதானால், மூடியிருக்கும் நிலையில் யார் சொல்லும் விலையும் குருட்டு விலைதான். எடையும் தெரியாது, அடிப்பக்கமும் தெரியாது. உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். பிரிப்பதற்கு முன் எத்தனை கல் என்று எண்ணிப் படம் எடுங்கள். பிரித்த பின் கற்களை மட்டும் காரட் தராசில் போட்டு எழுதி வாங்குங்கள். தங்கத்தைத் தனியாகத் தரம் பார்க்கட்டும். பழைய வெட்டில் பட்டைகள் சீராக இருக்காது என்பதால் இன்றைய கல்லைவிடக் குறைத்துத்தான் கேட்பார்கள். அது நியாயமே. ஆனால் தங்கத்துக்கு மட்டும் விலை போட்டு, "கல் சும்மா பொடி" என்று சொன்னால் கற்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கே: வைரத்தைச் சோதிக்கும் பேனாவை வைத்தார்கள், சத்தம் வந்தது. அது போதுமா? லேப் வைரம் என்று தெரியாமல் வாங்கிவிட்டால்?
— வில்லியனூர் வாசகி

ப: போதாது. அந்தப் பேனா கல் எவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது என்று மட்டுமே பார்க்கிறது. அமெரிக்கன் டைமண்ட், கண்ணாடி இரண்டும் அதில் மாட்டிக்கொள்ளும். வைரம் போலவே தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல் தப்பித்துவிடும், அதைப் பிடிக்க மின்கடத்தலையும் பார்க்கும் கருவி வேண்டும், அல்லது பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் சாய்த்துப் பார்த்தால் பின்பக்கப் பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த லேப் வைரமோ உண்மையில் வைரமே. அதே கார்பன், அதே கடினம். பேனாவும் லூப்பும் பிரித்துச் சொல்லாது. சோதனைக்கூடக் கருவிதான் சொல்லும்.

ஆகவே காகிதத்தைப் பிடியுங்கள். ஐஜிஐ, ஜிஐஏ போன்ற வைரச் சோதனைக்கூடங்களின் சான்றிதழ் எண்ணை அவரவர் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பெரிய கல்லானால் அதன் இடுப்பு விளிம்பில் அந்த எண்ணைப் பொடி எழுத்தில் லேசரால் பொறித்திருப்பார்கள், லூப்பில் படிக்கலாம். ஐஜிஐயின் லேப் வைரச் சான்றிதழ் எண் 'எல்ஜி' என்று தொடங்கும். பத்து சென்ட் கற்களில் தனித்தனிப் பொறிப்பு இருக்காது, நகை முழுவதற்கும் ஒரே சான்றிதழ் வரும். கலப்படம் நுழைவதும் இந்தச் சின்னக் கற்களில்தான். பில்லில் "இயற்கை வைரம்", காரட், நிறம், தெளிவு நான்கையும் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே "டைமண்ட்" என்று எழுதிய பில் நாளைக்கு உதவாது.

அழகுக்காக லேப் வைரம் வாங்குவதில் தப்பே இல்லை, விலையும் வெகு குறைவு. அவசரத்துக்கு விற்கலாம் என்ற எண்ணத்தில் மட்டும் வாங்காதீர்கள்.

கே: கல்லில் கரும்புள்ளி இருந்தால் தோஷமா? மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்க்கலாமா?
— பண்ருட்டி வாசகி

ப: புள்ளி என்பது கல் உருவானபோது உள்ளே மாட்டிக்கொண்ட வேற்றுத் துகள். வெறும் கண்ணுக்கே தெரிந்தால் தெளிவுத் தரம் தாழ்வு, விலையும் தாழ வேண்டும். பேரத்துக்கு அதுவே நல்ல ஆயுதம். தலையணைச் சோதனை உங்கள் மனநிறைவுக்கு. அதற்கு முன், எத்தனை நாளுக்குள் திருப்பினால் முழுப் பணம் வரும் என்பதைப் பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். "மாற்றிக்கொள்ளலாம்" வேறு, "பணம் திருப்பித் தரப்படும்" வேறு.

கே: வைர மூக்குத்தியில் ஹால்மார்க் இல்லை. தோட்டில் இருக்கிறது, ஆனால் செயலியில் வேறு மாதிரி காட்டுகிறது. எங்கே முறையிடுவது? நான் கடலூர், கடை புதுச்சேரி.
— கடலூர் முதுநகர் வாசகி

ப: மூக்குத்தியை விட்டுவிடுங்கள். 2 கிராமுக்குக் குறைந்த உருப்படிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. எத்தனை காரட் தங்கம் என்பது பில்லில் இருந்தால் போதும்.

தோட்டுக்கு வருவோம். 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு உருப்படிக்கும் தனியாகப் பொறிக்கும் ஆறு எழுத்து–எண் கொண்ட அடையாளக் குறியான எச்யுஐடி இல்லாமல் விற்கக் கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் உருப்படியின் வகை, தங்கத்தின் தரம், முத்திரையிட்ட மையம் எல்லாம் வரும். கையில் தோடு இருக்க, செயலி 'மோதிரம்' என்றோ 750க்குப் பதிலாக வேறு தரம் என்றோ காட்டினால் திரையைப் படமெடுத்து அதே செயலியில் புகார் பதியுங்கள். அங்கீகாரம் பெற்ற மையத்தில் நீங்களே தரம் பார்க்கலாம். நான்கு உருப்படி வரை கட்டணம் 200 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். தரம் குறைந்தால், குறைந்த அளவுக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும் என்பது விதி.

இது தங்கத்துக்கு மட்டும். எச்யுஐடி கல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. கல்லில் குறை என்றால் பில்லும் சான்றிதழும்தான் சாட்சி. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். அதற்காகப் புதுச்சேரிக்கு அலைய வேண்டாம்: 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.